சகலைக்கு மேலே ஒரு முகாம்

ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, மறு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகி, கோடைக்கால இசை முகாமின் விளம்பரத்தாளில் இருக்கும் வயலின் வாத்தியாரின் மூக்கை ஆராய்ந்துகொண்டிருக்கிறார் எங்கள் தெருக் கண்ணாடிக்கடைக்காரர். நியாயமாகச் சொன்னால் மூக்கை அல்ல, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணாடியை.

"மைனஸ் ஆறுக்குக் குறையாது. இவ்வளவு பவர் ஏறணும்னா சின்ன வயசுலேருந்து நோட்ஸ்லயே முகத்தைப் புதைச்சிருக்கணும். சரக்குள்ள ஆளு."

அடுத்த தாளில் இருக்கும் வாத்தியாருக்குக் கண்ணாடியே இல்லை. "கான்டாக்ட் லென்ஸ். வெறும் பகட்டு." அந்த முகாம் அத்தோடு குப்பைக்கூடைக்குப் போகிறது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துப் பதினேழு வருடமாகிறது. மனிதர்களைப் பெயரால் நினைவு வைத்துக்கொள்ளும் பழக்கம் இவருக்கு இல்லை. எதிர்ப்பக்கத் தையற்கடை அம்மாள் இவருக்கு 'ப்ளஸ் ரெண்டு'. வங்கி மேலாளர் 'ரெண்டு கண்ணும் ரெண்டு விதம்'. என் கண்ணாடியின் காதுக்கம்பி முறிந்து இங்கே வந்து மூன்று வாரமாகிறது. கேட்டால், "இருங்க சார், பொண்ணோட எதிர்காலம் ஓடிட்டிருக்கு" என்கிறார். நானும் எதிர்காலத்தை மங்கலாகப் பார்த்தபடி காத்திருக்கிறேன்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. வயலின் நன்றாகவே வாசிப்பாள். இந்தக் கோடையில் எந்த முகாமுக்குப் போக வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. ஏரிக்கரையில் நடக்கும் சின்ன முகாம், நாற்பதே பிள்ளைகள், நாலு நாலு பேராக உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கலாம். தானே படிவத்தை நிரப்பி, தன் வாசிப்பைப் பதிவுசெய்து, அப்பாவின் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, கடை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அது நடந்து பதினோரு நாளாகிறது. படிவம் சோதனை லென்ஸ் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அங்கே போய்ச் சேராவிட்டால் இந்த வருடம் ஏரியும் இல்லை, கரையும் இல்லை.

கையெழுத்துப் போடக் கைவலியா என்றால், இல்லை. வயிற்றெரிச்சல். அதற்குக் காரணம் சகலை.

சகலை லிப்ட் பழுதுபார்ப்பவர். மனைவியின் தங்கையைக் கட்டியவர். அவருடைய பையன் செலோ வாசிக்கிறான். போன வருடம் மலைமேல் நடந்த பெரிய முகாமுக்குப் போய், முதுகில் முகாமின் பெயர் போட்ட பனியன் ஒன்றோடு திரும்பினான். அந்தப் பனியனைப் பையன் ஒருநாள்கூடப் போட்டதில்லை. சகலை கழற்றியதில்லை. குடும்பத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக ஜன்னல் பக்கம் திரும்பி, "நல்ல காத்து வருதே" என்பாராம், முதுகை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு.

"அவரு முதுகைப் படிச்சுப் படிச்சே எனக்குக் கண்ணு போச்சு சார். இந்த வருஷம் அவரு பையனை எங்க சேர்க்கறாருன்னு தெரியட்டும். அதுக்கு மேல ஒண்ணுல என் பொண்ணைச் சேர்க்கலை..." என்று தொடங்கும் சபதத்தை அவர் ஒருநாளும் முடித்ததில்லை. அதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்துவிடுவார்.

மனைவி தொலைபேசியில் கத்துவது கடைவாசல் வரை கேட்கும். "நீங்க பொண்ணுக்கு முகாம் தேடறீங்களா, என் தங்கச்சி வீட்டுக்காரருக்குப் போட்டி தேடறீங்களா? வெள்ளிக்கிழமை கடைசி நாள்ங்க!"

"அவசரப்படாதே. ஆராய்ச்சி நடக்குது."

வியாழக்கிழமை ஆராய்ச்சி தானாகவே கடைக்குள் நடந்து வந்தது. "கிட்டப் பார்வை கொஞ்சம் மங்குது சகலை, பாருங்களேன்" என்றபடி, அதே பனியனில்.

நம்மவர் முகம் மலர வரவேற்றார். முதுகு சுவர்ப்பக்கம் இருக்கும்படி பார்த்து உட்காரவைத்தார். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வேண்டுமென்றே பொருந்தாத லென்ஸ் இரண்டைச் செருகினார். பிறகு, எழுத்து அட்டையைக் கொடுக்கவேண்டிய இடத்தில், மூன்று முகாம் தாள்களை வரிசையாக நீட்டினார்.

"இதுல எது உங்களுக்குப் பளிச்சுன்னு தெரியுது?"

"எல்லாமே பனிமூட்டமா இருக்கு சகலை."

"நல்லாப் பாருங்க. மனசுல எதாவது ஒண்ணு நிக்குமே."

"மனசுல நிக்கறது இதுதான்" என்று சகலை சட்டைப்பையைத் துழாவப் போய், பனியனுக்குப் பை இல்லாததால் கால்சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "பையனோட படிவம். ரெண்டு வரி பாக்கி. எனக்கு எழுத்து தெரியல, நீங்களே நிரப்பிடுங்க."

நம்மவர் பிரித்துப் பார்த்தார். ஏரிக்கரை முகாம்.

"இதை... நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? உங்க பொண்ணு சொன்னா. 'சித்தப்பா, தம்பிக்கு அதுதான் சரி, மலைல அவன் முப்பது செலோவுக்கு நடுவுல காணாமப் போயிட்டான்'னா. இத்தனூண்டு பொண்ணு, என்ன தெளிவு! வேற விசாரிக்கவே இல்லை. உங்களுதெல்லாம் எப்பவோ போயிருக்குமே?"

பதினோரு நாளாக நம்மவர் யாரை எப்படி முந்துவது என்று யோசித்தாரோ, அந்தச் சகலை நம்மவர் மகளின் பேச்சை அவருக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார். பொறாமைக்கு இப்போது புதிய இடம் கிடைத்தது. பழையதைவிட வசதியான இடம்.

"போகப்போகுது. உங்களதையும் சேர்த்து நானே அனுப்பிடறேன்" என்றார், லென்ஸ்களை மாற்றிக்கொண்டே. சகலைக்கு உலகம் பளிச்சென்றது. "ஆகா!" என்று எழுந்து, நன்றி சொல்லி, வாசலில் நின்று, "நல்ல காத்து வருதே" என்று தெருப்பக்கம் திரும்பினார்.

அவர் போனதும் மேசை இழுப்பறை அரை அடி திறந்தது. பையனின் படிவம் அதற்கு நேர்மேலே கொஞ்ச நேரம் நின்றது. நான் இருமினேன். இழுப்பறை மூடிக்கொண்டது.

லென்ஸ் பெட்டியைத் தூக்கி, மகளின் படிவத்தை எடுத்து, கையெழுத்துப் போட்டார். பையனின் படிவத்தில் பாக்கியிருந்த இரண்டு வரியையும் நிரப்பினார். இரண்டையும் ஒரே உறையில் வைத்து, பசை தடவி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். கூரியர்காரர் வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றார்.

"ஒரு நிமிஷம்" என்று அவரை நிறுத்திவிட்டு, பூதக்கண்ணாடியைச் செருகி, ஒற்றைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, உறையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, யாருடைய படிவம் மேலே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்.