சோக்குக் குன்றின் மறுபக்கம்

அன்று குன்றில் நின்றது மாமாவும் நானும் மட்டும். அப்பா உணவகத்தில் கோப்பை கழுவப் போயிருந்தார்; ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம் அதிகம். அம்மா இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்தார். அக்கா டோர்ட்மண்டில் தமிழ்ப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டில் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும், யார் வைத்தியரிடம் போனாலும், ஜேர்மன் மொழியில் கதைப்பது அக்காதான். அவள் இல்லாத இடத்தில் அந்த வேலை எனக்கு. ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய பதவி.

பள்ளிக்கூடத்தில் எழுதும் சோக்கு எந்தக் கல்லோ, அந்தக் கல்லாலான குன்று அது. எங்கள் சிறு நகரத்தின் கடைசித் தெரு முடியுமிடத்தில் ஏறத் தொடங்கும். மேல்மண் ஒரு சாண்கூட இல்லை. பாதையைச் சப்பாத்தால் உரசினால் வெள்ளை தெரியும். மழை பெய்தால் அந்த வெள்ளை பசைபோல ஒட்டிக்கொண்டு, அம்மாவின் திட்டு வரைக்கும் எங்களோடு வரும். செம்மறிகள் மேய்ந்து மேய்ந்து புல்லெல்லாம் ஒட்ட வெட்டின தலைமயிர் மாதிரி இருக்கும். நடுநடுவே ஆள் உயரத்தில் ஊசியிலைப் புதர்கள். மூடுபனி நாளில் பார்த்தால் யாரோ ஆங்காங்கே நின்று எங்களைக் கவனிப்பதுபோல இருக்கும்.

மேலே போக மூன்று பாதைகள். மூன்றுக்கும் மாமா பெயர் வைத்திருந்தார். நேரே ஏறி மூச்சை வாங்குவது நெஞ்சுப் பாதை. வளைந்து வளைந்து போவது ஆட்டுப் பாதை. காட்டோரமாகச் சுற்றி வருவது கிழவர் பாதை. பனியே இல்லாத இடத்தில் பனிச்சறுக்குத் தடி ஊன்றி நடக்கும் ஜேர்மன் கிழவர்களுக்காக வைத்த பெயர். மூன்றும் உச்சியில் ஒரு பழைய எல்லைக் கல்லில் சேரும். அதற்கு அப்பால் அடுத்த மாவட்டம்.

மாமா, அம்மாவின் தம்பி, அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு மூன்று வருடமாகப் பதிலுக்குக் காத்திருந்தார். மாமியையும், தான் விட்டுவரும்போது மூன்று மாதமாயிருந்த மகளையும் ஊரிலிருந்து இங்கே எடுப்பிக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கதை இல்லை. பதில் வரும்வரை அவர் வேலை செய்யக் கூடாது. அனுமதிக் கடிதம் இல்லாமல் மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் கூடாது. டோர்ட்மண்டில் நடந்த எங்கள் சொந்தக்காரரின் கலியாணத்துக்கே அவர் வரவில்லை. ஆகவே குன்றுக்குப் போவார். ஞாயிறுகளில் என்னையும் கூட்டிப்போவார். உச்சியில் எல்லைக் கல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்புவார். ஒருநாள் செம்மறியொன்று கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் மேயப் போனபோது, "பார் மருமோன், அவருக்கு விசா இருக்கு," என்றார்.

எனக்கு அந்தக் கல்லில் ஒரு விசேஷமும் தெரியவில்லை. இந்தப் பக்கமும் அதே புல், அந்தப் பக்கமும் அதே புல். ஆனால் அந்தப் பக்கம் இருநூறு அடியில் கைவிட்ட கல்லுடைப்புக் கிடங்கு ஒன்று பெரும் பள்ளமாக இருந்தது. அதன் வெள்ளைச் சுவரில் கல்லாகிப்போன கடல் முள்ளெலிகள் அகப்படும்: உருண்டையாக, முதுகில் ஐந்து கோட்டு நட்சத்திரத்தோடு. இந்தக் குன்று ஒருகாலத்தில் கடலடியாக இருந்தது என்று ஆசிரியை சொன்ன கிழமையே வகுப்பில் பாதிப் பேர் ஆளுக்கொரு முள்ளெலி கொண்டுவந்துவிட்டார்கள். திங்கட்கிழமை எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைப்பதாக ஏற்பாடு. என்னிடம் இல்லை. நாங்களும் ஞாயிறுதோறும் குன்றுக்குப் போகிறவர்கள்தான் என்று நான் வகுப்பில் ஏற்கெனவே பெருமையடித்திருந்தேன். ஆசிரியை அதற்கு என்னை மெச்சியுமிருந்தார்.

அன்று எல்லைக் கல்லடியில் நின்று நான் அழத் தொடங்கினேன். மாமா முதலில் பகிடி பண்ணினார். பிறகு மேலும் கீழும் பார்த்தார்.

"அஞ்சு நிமிசம். ஓடிப் போட்டு ஓடி வருவம். ஞாயிற்றுக்கிழமை ஆர் எங்களைப் பாக்கப் போகினம்?"

ஐந்து நிமிடத்தில் கிடைக்கவில்லை. மாமா சுவரோரம் முழந்தாளிட்டு விரலால் கிண்டிக்கொண்டே போனார். அரை மணித்தியாலம் கழித்து ஒன்றைத் துப்பித் துடைத்து என் கையில் வைத்தபோது அவர் முகமெல்லாம் வெள்ளை. கிடங்குக்கு அருகில் வாகனத் தரிப்பிடம் ஒன்று உண்டு. அங்கே கார்களை உடைத்துத் திருடுவதாக முறைப்பாடு இருந்ததாம். திரும்பும்போது பொலிஸ் வாகனம் ஒன்று வந்து நின்றது. ஒரு ஆணும் பெண்ணும். அவர்கள் கேட்காமலே மாமா தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். ஆண் அதை வாங்கிக்கொண்டு வாகனத்துக்குள் போனார்.

அந்தப் பெண் என் முன்னால் குந்தியிருந்து கல்லைப் பார்த்தார். அழகானது என்றார். நான் ஜேர்மன் நன்றாகக் கதைக்கிறேன் என்றார். இது உன் மாமாவா, இந்தப் பக்கம் அடிக்கடி வருவீர்களா என்று கேட்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் என்றேன். இந்தக் கிடங்குக்கா என்று கேட்டார். ஓம், மாமாவுக்கு இங்கே எல்லாப் பாதையும் தெரியும், அடுத்த கிராமம் வரைக்கும் நடந்திருக்கிறோம் என்றேன். நாங்கள் போகாத கிராமத்தின் பெயரைக்கூடச் சொன்னேன். வகுப்பில் ஒரு பையன் போய்வந்த கிராமம் அது.

"என்னடா கேக்கிறா?" என்றார் மாமா.

"சும்மா கேக்கிறா."

அந்தப் பெண் எழுதிக்கொண்டார். எங்களை வந்த வழியே திரும்பிப் போகச் சொல்லி, எனக்குக் கை காட்டினார். நானும் காட்டினேன்.

இறங்கும்போது மாமா நெஞ்சுப் பாதையால் வந்தார். பாதி வழியில் கேட்டார்.

"என்ன சொன்னனி அவவுக்கு?"

"நீங்கள் நல்லா நடப்பீங்கள் எண்டு."

மாமாவுக்கு ஜேர்மன் அவ்வளவாக வராது. ஆனால் கிழமை நாட்களின் பெயர்கள் வரும். இன்ன நாளில் வா என்று அலுவலகம் அனுப்பும் கடிதங்களில் படித்தவை. ஞாயிறு என்ற சொல் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. "ஓம், வடிவாத்தான் கதைச்சாய்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஒருமுறை தாண்டினால் சிறு அபராதம், திரும்பத் திரும்பத் தாண்டினால் குற்றம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அபராதக் கடிதம் வந்த அன்று அக்கா அதை வாசித்து, "திரும்பத் திரும்ப எண்டு ஏன் போட்டிருக்கு?" என்று கேட்டாள். பொலிஸ் பொய் எழுதிப்போட்டான் என்றார் மாமா. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் பிறகு கடிதங்கள் எல்லாம் என்னிடம் வந்தன. மாமாவின் வழக்குக் கோப்பை வழக்கறிஞரிடமிருந்து வாங்கி வாசித்தவனும் நானே. 'மருமகனின் கூற்றுப்படி ஒவ்வொரு ஞாயிறும்' என்று அதில் இருந்தது. அடுத்த தாளில் அந்த வழக்கறிஞரின் பழைய குறிப்பு: ஆட்சேபித்தால் வெல்லலாம், ஆனால் பிள்ளையைச் சாட்சிக்கு அழைத்துப் பொய் சொன்னாயா என்று கேட்பார்கள் என்பதால் கட்சிக்காரர் மறுத்துவிட்டார்.

அதை மாமா ஒருநாளும் சொன்னதில்லை. கேட்க எனக்கும் இன்றுவரை வாய் வரவில்லை.

அபராதம் முந்நூற்று அறுபது யூரோ. மாதம் இருபதாகப் பதினெட்டு மாதம் கட்டினார். கடைசித் தவணை கட்டிய அன்று அம்மா பாயாசம் வைத்தார். எல்லாம் முடிந்தது என்று நானும் இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன். சில வருடங்களில், நெடுங்காலம் காத்திருந்தவர்களுக்கு அனுமதி கொடுக்க ஒரு வழி திறந்தது. மாமாவோடு அகதி விடுதியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அதனால் வெளியேறினார்கள். கோப்பில் குற்றம் இருந்ததால் மாமாவின் விண்ணப்பம் திரும்பி வந்தது. பிறகு ஒருவழியாக அவருக்கும் அனுமதி கிடைத்து, எட்டு வயதில் வந்திருக்க வேண்டிய அவர் மகள், என் மச்சாள், மாமியோடு விமான நிலையக் கதவைத் தாண்டி வெளியே வந்தபோது அவளுக்குப் பதினைந்து. நேரே என் அப்பாவிடம் போய் அவர் கையைப் பிடித்தாள். அவர்தான் தன் தகப்பன் என்று நினைத்துவிட்டாள்.

முந்நூற்று அறுபது யூரோவும் ஏழு வருடமும்.