குழிக்குள்ளிருந்து பார்த்த வானம்

தில்லையடியில் எங்கள் வீட்டு மலசலகூடத்துக்குப் புதுக் குழி தோண்ட வந்தவர் உடப்பு ஊர்க்காரர். நெட்டையான, மெலிந்த மனிதர். புருவத்தில் எப்போதும் மணல் ஒட்டியிருக்கும்.

பழைய குழி, மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த புதிதில் தகரப் பீப்பாய்களை இறக்கிச் செய்தது. மழை பெய்தால் பொங்கி வழியும். முழங்கால் வலியோடு உம்மா அடுத்த வீட்டுக்கு நடப்பார். ஆனாலும் சீமெந்து வளையம் இறக்க வாப்பா சம்மதிக்கவில்லை. சண்டை முடிந்துவிட்டது, ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம், இங்கே நிரந்தரமாக எதற்கு என்பார். இந்த முறையும் பீப்பாய்தான் என்று சொல்லிவிட்டார்.

அந்த மனிதருக்கு ஒரு பழக்கம். கொஞ்ச நேரம் தோண்டுவார். பிறகு மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, குழியின் அடியில் குந்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். தேத்தண்ணி கொண்டுபோய் நான் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது.

ஆளுயரம் தோண்டி முடிந்த அன்று பின்னேரம் வாப்பா குனிந்து கேட்டார்.

"என்ன தம்பி பாக்கிறீங்க?"

"வானத்தைத்தான், நானா. இங்க இருந்து பாத்தா எந்த ஊரெண்டு தெரியாது."

வாப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். அந்த மனிதர் நகர்ந்து இடம் கொடுத்தார். ஈர மணலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். மேலே ஒரு வெள்ளை மேகம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பள்ளியில் அஸர் பாங்கு சொல்லி முடியும்வரை இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏறி வந்த வாப்பா உம்மாவிடம், "வளையமே போடுவோம்" என்றார்.

வேலை முடிந்து மூடியை வைக்குமுன் அந்த மனிதர் ஒருதரம் குனிந்து உள்ளே பார்த்தார். என்ன தேடினாரென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.