நாற்பத்து நான்காவது வரி

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி அந்த பஸ் டிப்போவில் எல்லோருக்கும் அவள் சார்ட் அக்கா. எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது, எந்தக் கண்டக்டருக்கு என்றைக்கு ஓய்வு என்று வாரத்துக்கொரு சார்ட் எழுதிப் பலகையில் ஒட்டுவது அவள் வேலை. மேசை அகலத் தாள், அதில் நாற்பத்து மூன்று வரி, வரிக்கு ஒரு ஆள்.

நடுவில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் அந்த வேலையைப் பார்த்தது. கணக்கெல்லாம் சரிதான். ஆனால் கண்டக்டர் ஒருவனையும் டிரைவரான அவன் பெண்டாட்டியையும் அது கேட் வாசலில் மட்டும் சந்திக்க வைத்தது. அவன் உள்ளே வந்தால் அவள் வெளியே போவாள். "எங்களுக்குக் கல்யாணம் ஆனது அந்தப் பெட்டிக்குத் தெரியாதா அக்கா?" என்று அவன் வந்து அழாத குறை. பெட்டியை டீசல் கவுண்டருக்கு அனுப்பிவிட்டு மறுபடி அவள் கையில் ஸ்கேலைக் கொடுத்தார்கள்.

அவளுக்குத் தெரியாத வீடு கிடையாது. பதினேழாம் வரி டிரைவருடைய அப்பாவைக் காலையில் குளிப்பாட்ட வேறு ஆள் இல்லை. அவருக்கு முதல் வண்டி போடமாட்டாள். முப்பதாம் வரிக்காரிக்குக் கைக்குழந்தை. மதியத்துக்கு மேல் வண்டி இல்லை. ஒன்பதாம் வரிக்காரருக்கு மாமியார் வந்திருக்கிறார் என்றால் அவரே வந்து, "அக்கா, இந்த வாரம் ஞாயித்துக்கிழமையும் டியூட்டி போட்டுடுங்க, புண்ணியமாப் போகும்" என்பார். அதையும் போடுவாள்.

டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது லீவு கேட்டால் அவள் முதலில் பென்சிலில் குறிப்பாள். மாற்று ஆள் கிடைத்த பிறகுதான் அதன்மேல் பேனா ஓடும். "பேனாவா, பென்சிலா?" என்று கேட்டால் போதும், அங்கே எல்லோருக்கும் விளங்கும். பென்சில் என்றால் ஆசை. பேனா என்றால் நிச்சயம்.

அப்படிப்பட்டவளின் வீட்டில்தான் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் சின்ன மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு நீச்சல் போட்டி. அவள் இறங்கப்போகும் முதல் போட்டி. பார்க்க வருபவர்கள் பெயர் எழுத இரண்டு கோடு. முதல் கோட்டில் 'அப்பா' என்று பேனாவில் இருந்தது. இரண்டாவதில் 'அம்மா' என்று மங்கலாக, பென்சிலில்.

"ஏண்டி, எனக்கு மட்டும் பென்சிலு?"

"நீ வந்தா பேனால எழுதிக்கலாம்மா. வரலைன்னா அழிச்சிட்டு அத்தை பேரைப் போட்டுடுவேன்."

பிள்ளை கோபமாகச் சொல்லவில்லை. உப்பு குறைவு என்பதுபோலச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டது. அதுதான் சார்ட் அக்காவுக்குச் சுருக்கென்றது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷன், துணி மடித்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே, "ஆண்டு விழா சனிக்கிழமை. பாட்டுப் போட்டி சனிக்கிழமை. நீ வராததையெல்லாம் பிள்ளையும் கணக்குப் போட்டு வச்சிருக்கு" என்றார். சனிக்கிழமை மதியத்துக்குள் அடுத்த வாரச் சார்ட் பலகையில் ஏறியாக வேண்டும். கடைசி நேரத்தில் வயிற்றுவலி, பல்வலி, மச்சினன் வருகை என்று வருகிற மாற்றமெல்லாம் அன்று காலையில்தான் வரும். பெட்டி போனதிலிருந்து ஒன்பது வருஷமாக அவளுக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இருந்ததே இல்லை.

மறுநாள் போய் மேனேஜரிடம் லீவு கேட்டாள். மனுஷர் கெட்டவர் இல்லை. கேட்டதும் சரி என்றுதான் சார்ட்டைப் பார்த்தார். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். மறுபடி கீழிருந்து மேலே ஓட்டினார்.

"உங்க பேரு எங்கேம்மா?"

அவளும் குனிந்து பார்த்தாள். இல்லை. ஒன்பது வருஷத்தில் எத்தனை தாள், எத்தனை வரி! ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். எல்லோருக்கும் கோடு போட்டவள் தனக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளவில்லை.

"வரியே இல்லைன்னா லீவை எதுல எழுதறது? மாத்து ஆளுன்னு யாரைக் காட்டறது?" என்று மேனேஜர் கையைப் பிசைந்தார். "யோசிக்கலாம்மா."

யோசிக்கலாம் என்றால் பென்சில்கூட இல்லை.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தவளின் முகத்தை முதலில் பார்த்தவர் ஹாரன் மாமா. அங்கே மூத்த டிரைவர். குரலால் வந்த பட்டப்பெயர். ஆனால் அவளுக்கு நிஜமாகவே மாமாதான், அவள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

"என்ன மருமகளே, மூஞ்சி பஞ்சராயிருக்கு?"

சொன்னாள். அவரிடம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்று. மத்தியானச் சாப்பாட்டுக்குள் டிப்போ முழுக்கத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் மாமா ஒரு பெஞ்சைத் தட்டினார்.

"இங்க பாருங்க. யாருக்கு என்ன மாத்தணுமோ வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடணும். அதுக்கு மேல எவனுக்கும் வயித்துவலி வரக்கூடாது."

"வந்தா?" என்றான் ஒரு கண்டக்டர்.

"வந்தா வெள்ளிக்கிழமையே வரச் சொல்லு!"

விசில் என்று எல்லோரும் கூப்பிடும் கண்டக்டர் பெண் எழுந்து, "சனிக்கிழமை காலைல எனக்கு வண்டி இல்ல. ஆபீஸ் ஃபோனை நான் பார்த்துக்கறேன். கூட மேனேஜர் சாரும் உக்காரட்டும், கத்துக்கட்டும்" என்றாள். சாப்பிட வந்த மேனேஜர் கதவருகிலேயே மாட்டிக்கொண்டார். அத்தனை பேர் பார்க்கும்போது எந்த மேனேஜர் முடியாது என்பார்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுத்த வாரச் சார்ட் முடிந்தது. பலகையில் இருந்த இந்த வாரத் தாளில், நாற்பத்து மூன்றாம் வரிக்குக் கீழே ஹாரன் மாமா தானே ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு அவர் இழுத்தும் கோடு வலப்பக்கம் கொஞ்சம் இறங்கித்தான் போனது. சனிக்கிழமைக் கட்டத்தில் 'லீவு' என்று பேனாவில் எழுதினார். "உன் செல்ஃபோனை டிராயர்ல போட்டுப் பூட்டு. அது இருந்தா நீ குளத்துலயும் சார்ட் போடுவே."

பூட்டிவிட்டுத்தான் போனாள். ஆனாலும் சார்ட் போட்டாள். குளத்தங்கரைப் படியில் உட்கார்ந்து, "ஏங்க, அந்த மூணாவது வரிசைப் பிள்ளைக்கு அடுத்தடுத்து ரெண்டு போட்டி போட்டிருக்காங்க. நடுவுல ரெஸ்டே இல்லையே!" என்று புருஷனிடம் குறைப்பட்டாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

போட்டி நடத்துகிறவர் விசிலை ஊதினார். சின்னவள் தண்ணீரில் குதிப்பதற்கு முன் படிகளை ஒரு தடவை பார்த்தாள். அம்மா எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குதித்தால் மூக்கில் தண்ணீர் ஏறாமல் என்ன செய்யும்? ஆறு பேரில் ஐந்தாவதாக வந்தாள். வந்தவள் துண்டைப் போர்த்திக்கொண்டு, சொட்டச் சொட்ட, நேரே பையிலிருந்து அட்டையை எடுத்தாள்.

"பேனா கொடும்மா."

வருஷம் முழுக்கக் காதில் பேனாவோடு திரிகிறவள் அன்று காதைத் தடவினாள், பையைத் துழாவினாள், இல்லை. கடைசியில் போட்டி நடத்துகிறவரிடமே ஓடிப்போய்க் கடன் வாங்கி வந்தாள். பென்சில் எழுத்தின்மேல் பிள்ளை ஈரக் கையோடு அழுத்தி எழுதியதில் அட்டை நனைந்து, 'அம்மா' கொஞ்சம் பரவிப்போனது.

திங்கட்கிழமை மேனேஜரின் கண் உள்ளே போயிருந்தது. "பன்னெண்டு மணிக்குள்ள இருபத்தாறு ஃபோன்மா! அதுல ஒருத்தர் மச்சினனுக்குப் பொண்ணு பார்க்கச் சொல்றார்! வாராவாரம் இப்படியா?" என்றார். அவரே அன்றைக்குப் பேனாவில் எழுதினார்: இனி ஒரு சனிக்கிழமை டியூட்டி சார்ட் அக்கா, அடுத்த சனிக்கிழமை விசில்.

அவள் முறை வந்த முதல் சனிக்கிழமை யாரோ அவளுடைய நாற்காலியைச் சுவர் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அப்படியே உட்கார்ந்தாள். எதிரே ஒரு பெரிய தாள்: 'வேலையும் வீடும் இரண்டு கண்கள்.' கம்பெனி ஒட்டியது.

"மாமா, இதை எப்ப ஒட்டினாங்க?"

"ரெண்டு வருஷமாச்சு, மருமகளே. உன் முதுகு தினமும் படிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."