மஞ்சள் விளக்கில் வெந்த கோழி

பெயிண்டுத் தொழிற்சாலையில் அவனைக் கலர் என்று கூப்பிட்டார்கள். அதில் கிண்டல் ஒன்றும் இல்லை. எட்டு வருடமாக அவன் பார்க்கிற வேலை அது. வாடிக்கையாளர் பழைய கதவின் சில்லையோ சட்டைத் துணியையோ கொண்டுவந்து வைத்து, “இதே நிறம் வேணும்” என்பார். ஒருவர் பூனையைக் கொண்டுவந்தார். கலர் அந்தப் பூனையைக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு நான்கு நிறமிகளின் அளவை எழுதிக்கொடுத்தான். பூனை சுவரோரம் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று பிறகு புகார் வந்தது. அது தொழிற்சாலையின் பொறுப்பில் வராது என்று பதில் எழுதினான்.

அவன் குடும்பத்தில் அவனுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் கிடையாது. இரவல் புத்தகத்தில் படித்து வாங்கிய வேதியியல் பட்டம். அப்படி வாங்கிய ஒன்றை வேலை நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. முட்டை அவித்தாலும் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்துவைப்பான். சமையலில் அவனுக்குத் தெரிந்தது முட்டை அவிப்பதும் டீ போடுவதும்தான். இரண்டிலும் இதுவரை பிழை வந்ததில்லை.

இந்த நிலையில்தான் அவன் மனைவிக்குப் பதவி உயர்வு வந்தது. அவள் ஒரு பார்சல் கம்பெனியில் பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரிக்கும் பிரிவில் இருந்தாள். இப்போது அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆகும்படி சொன்னார்கள். பகல் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு மணிவரை வேலை. செய்தி தெரிந்ததும் அவளுடைய அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பொம்பளை வீட்டுக்கு வர்றதே எட்டரைன்னா, அந்த வீட்ல அடுப்பு எத்தனை மணிக்கு எரியும்?”

கேள்விக்கு மனைவி கொடுத்த பதிலைக் கலர் அன்று இரவு தட்டு கழுவும்போதுதான் தெரிந்துகொண்டான்.

“நீங்க சமைப்பீங்கன்னு சொல்லிட்டேன்.”

“என்னைக்கு?”

“தினமும்.”

கலர் கையிலிருந்த தட்டை இன்னொரு முறை கழுவினான். “முட்டைக்கு ஒத்துக்குவாங்களா?”

“விளையாடாதீங்க. அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் வர்றாங்க, நேர்ல பார்க்கணுமாம். அன்னைக்கு எனக்கும் எட்டு மணிவரைக்கும் வேலை இருக்கு. வரும்போது அவங்க வயிறாரச் சாப்பிட்டிருக்கணும். நடுவுல அம்மா எழுந்து கரண்டியைக் கையில எடுத்துட்டாங்கன்னா அவ்வளவுதான். அதுக்கடுத்த திங்கட்கிழமை ஆபீஸ்ல பதில் சொல்லணும். எனக்கு வேணாம்னு எழுதிக் கொடுத்துடுவேன்.”

“அம்மாவுக்காகவா?”

“அவங்க குறைப்பட்டுக்கிட்டே இருந்தா என்னால நிம்மதியா ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்க முடியாது. உங்களுக்கு அவங்களைத் தெரியாது.”

தெரியும். மாமியார் தையல்கடை வைத்திருப்பவர். நாடா இல்லாமல் ஆளைப் பார்த்தே அளவு சொல்வார். கல்யாணத்தன்று கலரை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். அந்த அளவு இன்னும் அவரிடம் இருக்கும்.

“குழம்பு ஏதாவது கத்துக்கட்டுமா?”

“குழம்புல எங்கம்மாகிட்ட உங்க பருப்பு வேகாது. அவங்க செய்யாத ஒண்ணைச் செய்யுங்க. கரியில சுட்டுப் போடுங்க. குறை சொல்லணும்னாக்கூட எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியக்கூடாது.”

யோசித்துப் பார்த்ததில் கலருக்கு இது பிடித்திருந்தது. குழம்பில் எல்லாம் உள்ளுக்குள் நடக்கிறது. பத்து வருடம் கிண்டினாலும் பிடிபடாது. சுடுவது அப்படியல்ல. நெருப்பு, தூரம், நேரம், நிறம். இதில் கடைசியாகச் சொன்னதற்கு அவன் சம்பளமே வாங்குகிறான்.

தொழிற்சாலையின் பட்டறையில் வெல்டிங் வேலை பார்ப்பவரிடம் ஓர் அடுப்புக்குச் சொன்னான். காலி பெயிண்டு டின்னை அறுத்துச் செய்து தருவதாக அவர் சொன்னபோது, அந்த டின்னில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று கலர் பத்து நிமிடம் விளக்கினான். புதுத் தகடு வாங்கி வந்தார்கள்.

“ஓட்டல் வைக்கப் போறியா, கலர்?”

“மாமியார் வர்றாங்க, அண்ணே.”

வெல்டர் தகட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “அப்போ கால் நாலும் கனமா வெச்சுடறேன்” என்றார்.

அடுப்பு வந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தரையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சோதனை நடந்தது. நேரம் காலை பத்து மணி. எல்லாவற்றுக்கும் நோட்டில் தனித்தனிப் பக்கம். சோளக்கதிர் பத்து நிமிடம், மூன்று திருப்பு. உருளைக்கிழங்கை முக்கால் வேக்காடு அவித்து, இரண்டாக வெட்டி, எண்ணெய் தடவி எட்டு நிமிடம். குடைமிளகாயும் வெங்காயமும் கம்பியில் கோத்து ஆறு நிமிடம். கோழித் துண்டுகளைத் தயிர், பூண்டு, மிளகு, எலுமிச்சைச் சாற்றில் மூன்று மணி நேரம் ஊறவைத்து, பக்கத்துக்கு ஒன்பது நிமிடம்.

மூன்றாவது ஞாயிறு வெந்த கோழி எல்லா வகையிலும் சரியாக இருந்தது. மனைவி நான்கு துண்டு சாப்பிட்டு, “இதையே செய்யுங்க, எதையும் மாத்தாதீங்க” என்றாள். கலர் ஐந்தாவது துண்டைத் திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், அதன் மேல்தோலுக்கு ஓர் அட்டையும் உள்சதைக்கு ஓர் அட்டையுமாகப் பொருத்தமான நிறத்தைக் கலந்து பூசிக் காயவைத்தான். பின்புறம் ‘கோழி-3, வெளி’, ‘கோழி-3, உள்’ என்று எழுதிக்கொண்டான். இனி அடுப்பின்முன் யோசிக்க வேண்டியதில்லை. அட்டையோடு ஒத்துப்போனால் வெந்தது.

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். மாமனார் முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் அந்த ஆள் டிக்கெட்டை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டானோ என்பதுபோலப் பார்ப்பார். தண்ணீர் குடித்த கையோடு சமையலறைக்குப் போய் கேஸ் அடுப்பைத் தொட்டார்.

“சில்லுனு இருக்கே, மாப்பிள்ளை.”

“சமையல் வெளியில, மாமா. பின்பக்கம்.”

“வெளியிலயா? ஏன், உள்ள ஏதாவது ரிப்பேரா?”

“இல்லைங்க. கரியில சுடறோம்.”

மாமனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வைக்க இடம் இல்லாமல் அல்ல. “செய்யட்டும். நாம விருந்தாளிங்க” என்றார்.

கலர் ஒரே ஒரு மாற்றம் செய்திருந்தான். சோதனைக்கு வாங்கியது சின்னத் துண்டுகள். மகள் வீட்டில் துண்டு சின்னது என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்று, இன்றைக்கு முழுக் கோழித்தொடையாக ஐந்து வாங்கியிருந்தான். தடிமன் கூடியதற்காக மரியாதையாகப் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் சேர்த்துக்கொண்டான்.

கரி தணலாகிச் சாம்பல் பூப்பதற்குள் இருட்டிவிட்டது. பின்பக்கத்துக்கு என்று விளக்கு கிடையாது. மதிலுக்கு வெளியே தெருவிளக்கு ஒன்று இருந்தது. பழைய சோடியம் விளக்கு, மஞ்சள் வெளிச்சத்தைத் தாராளமாகக் கொட்டும். வாடகைக்கு வந்த நாளிலிருந்து அதை நம்பித் தனியாகப் பல்பு போடவில்லை. அந்த வெளிச்சத்தில் கலர் சோளத்தைச் சுட்டான், கிழங்கைச் சுட்டான். தொடைகளைக் கம்பிமேல் அடுக்கி, நேரம் பார்த்துத் திருப்பினான். இரண்டாவது பக்கமும் பதினோரு நிமிடம் ஆனதும் அட்டையை அருகில் பிடித்தான். வெளி ஒத்துப்போனது. ஒரு தொடையைக் கத்தியால் கீறி இரண்டாவது அட்டையைப் பிடித்தான். உள்ளும் ஒத்துப்போனது. எட்டு வருடத்தில் இவ்வளவு துல்லியமான பொருத்தத்தை அவன் பார்த்ததில்லை. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

உள்ளே சாப்பாட்டு மேஜைக்கு மேலே வெள்ளை டியூப்லைட். ஆளுக்கொரு தொடை, பக்கத்தில் கிழங்கு, சோளம், கம்பியிலிருந்து உருவிய குடைமிளகாய், ரொட்டி. மாமியார் கைப்பையை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். கலர் அதைக் கவனித்தான்.

மாமனார் தொடையைப் பிரித்தார். எலும்போரம் பளிச்சென்று இளஞ்சிவப்பு. கலருக்கு அந்த நிறத்தின் எண்கூடத் தெரியும். குழந்தைகள் அறைக்கு நிறையப் பேர் கேட்பது.

“மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க” என்றார் மாமனார். “இதுகிட்ட டிக்கெட் கேட்டா எடுத்துக் காட்டும்போல இருக்கு.”

கலர் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். தெருவிளக்கின் கீழே கோழி வெந்திருந்தது. திரும்பி உள்ளே வந்தான். வேகவில்லை. மறுபடியும் வெளியே ஓர் அடி வைத்தான். வெந்திருந்தது.

சுவரின் நிறம் மாறிவிட்டதென்று சண்டைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவன் முதலில் கேட்பது, “எந்த வெளிச்சத்துல பார்த்தீங்க?” என்றுதான். அதற்கென்றே ஆய்வகத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. ஒரே அட்டையைப் பகல் வெளிச்சத்திலும் வீட்டு பல்பிலும் தெருவிளக்கிலும் மாற்றிமாற்றிக் காட்டுவான். சோடியம் விளக்கில் இளஞ்சிவப்பும் வெளிர்பழுப்பும் ஒன்றுதான் என்பதைப் புதிதாகச் சேரும் ஆட்களுக்கு வருடா வருடம் வகுப்பெடுப்பவன் அவன்.

விளக்கின்மேல் பழியைப் போடலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அல்லது, சாஸை ஊற்றி மூடிவிட்டு இப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிடலாம். டிக்கெட் பரிசோதகரிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அது. கலர் மேஜைக்கு வந்து மற்ற இரண்டு தட்டிலிருந்தும் தொடைகளை எடுத்தான்.

“வேகலைங்க. ரிஜெக்ட். தப்பு என்னோடது.”

மாமியார் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார். கோபம் ஒன்றும் இல்லை. தையல் பிரிந்த துணியைக் கண்டவர் ஊசியை எடுக்கப் போவதைப்போலத்தான் போனார்.

“கொடுங்க மாப்பிள்ளை. எலும்பை நீக்கிட்டுச் சட்டியில ஒரு புரட்டு புரட்டினா அஞ்சு நிமிஷம்.”

கலர் சமையலறை வாசலில் தட்டோடு நின்றான். மாமியாரை வழிமறித்து நிற்பது எந்தப் பட்டப்படிப்பிலும் சொல்லித்தராத காரியம்.

“அத்தை, நீங்க செஞ்சா நல்லாத்தான் வரும். ஆனா நீங்க கரண்டியை எடுத்துட்டா உங்க பொண்ணு திங்கட்கிழமை அந்த வேலை வேணாம்னு எழுதிக் கொடுத்துடுவா. அவளே சொன்னா.”

“என்மேல பழியைப் போடறாளா?”

“இல்லைங்க. உங்க பேச்சைத் தட்டமாட்டா. அதான்.”

மாமியார் அவனை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பழைய அளவைச் சரிபார்ப்பதுபோல இருந்தது.

“நீங்க செஞ்சா எவ்வளவு நேரம் ஆகும்?”

“இருபத்தஞ்சு நிமிஷம்.”

“அதுவரைக்கும் உங்க மாமா பசி தாங்கமாட்டார்.”

“சோளம், கிழங்கெல்லாம் வெந்திருக்கு, அத்தை. அதை இந்த வெளிச்சத்துலயும் பார்த்துட்டேன்.”

மாமியார் திரும்பிப் போய் உட்கார்ந்து ஒரு சோளக்கதிரைக் கையில் எடுத்தார். முந்தானை செருகியபடியேதான் இருந்தது.

கலர் தொடைகளை எலும்புவரை நீளவாக்கில் கீறிப் புத்தகம்போல விரித்தான். கரியைக் கிளறி, மேலே பெரிய பாத்திர மூடியைக் கவிழ்த்தான். டார்ச்சை எடுத்துவர உள்ளே போனபோது, மாமனார் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“நான் பிடிக்கறேன். வெள்ளை லைட்டுதானே இது?”

“ஆமாங்க.”

“நீங்க திருப்புங்க. நான் செக் பண்றேன்.”

ஓய்வு பெற்றபிறகு அவருக்குக் கிடைத்த முதல் வேலை அது. ஒவ்வொரு தொடையாக டார்ச்சை அடித்து, குனிந்து, எலும்போரத்தை உற்றுப்பார்த்தார். “இது ஆச்சு. இது இன்னும் இல்லை. இந்த மூலையில இருக்கற ஆளைத் திருப்புங்க, ஏமாத்தறான்.” கலர் திருப்பினான். அட்டைகள் இரண்டும் சட்டைப்பையிலேயே இருந்தன.

இருபத்தைந்து என்று சொன்னது முப்பது நிமிடம் ஆயிற்று. வெள்ளை வெளிச்சத்தில் ஐந்து தொடையிலும் சிவப்பு இல்லை, வடிந்த சாறு தெளிவாக இருந்தது. ஓரங்கள் கொஞ்சம் கருகியிருந்தன. மேஜையில் மாமியார் முதல் துண்டைப் பிய்த்து, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு வாயில் போட்டார். மென்றார். அடுத்த துண்டைத் தூக்கிப் பார்க்கவில்லை.

எட்டரைக்கு மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே அவள் கண் சமையலறைக்குப் போயிற்று. அங்கே யாரும் இல்லை. மேஜையில் அப்பா ரொட்டியால் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். அம்மா இரண்டாவது தொடையின் கடைசிப் பகுதியில் இருந்தார்.

“சாப்பிட்டீங்களா அம்மா?” என்று கேட்டாள். கண்ணெதிரே சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம்.

மாமியார் எலும்பைத் தட்டில் வைத்தார். “திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?”

“பதினொன்றரைக்கு.”

“மதியத்துக்குச் சாப்பிட்டுட்டுப் போ. பட்டினியா நின்னு நாலு பேரை வேலை வாங்க முடியாது. ராத்திரியை அவர் பார்த்துக்குவார்.” கையைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “உப்புதான் கொஞ்சம் கம்மி. அதை நான் சொன்னா நல்லா இருக்காது. நீயே சொல்லிடு.”

கலர் இரண்டு அடி தள்ளி, மனைவிக்கு எடுத்துவைத்திருந்த தொடையைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் வந்து உட்கார்ந்தாள். மூன்று பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“உப்பு கம்மியாம்.”

“கேட்டுச்சு” என்று உப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினான் கலர்.