வேண்டாம் என்று சொன்ன பிரியாவிடை

ஓய்வு பெறுவதற்கு ஆயத்தம் செய்வது இவ்வளவு சந்தோஷமான வேலை என்று எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. கடிதப் போக்குவரத்தெல்லாம் முந்தின வருடமே முடிந்துவிட்டது. ஹனோவரில் இருக்கிற மகள் ஒரு வார இறுதியில் வந்து, என்னைப் பக்கத்தில் இருத்தி, அன்ராக் என்கிற ஜெர்மன் விண்ணப்பப் படிவம் எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பிவிட்டுப் போனாள். பதில் வந்தது, கடைசி வேலைநாள் உறுதியானது. அதற்குப் பிறகு நான் செய்த ஆயத்தமெல்லாம் மனதுக்குள்தான்.

பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு வேலை. மாணவர்கள் திருப்பித் தந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, முதுகிலுள்ள எண்ணைப் பார்த்து அந்தந்தத் தட்டில் வைப்பேன். நூலகம் திறக்க முதலே போய்விடுவேன், மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவேன். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். பேசவும் கூச்சம். அதனால் புத்தகத் தட்டுகளுக்கிடையில் தனியாக நடக்கிற இந்த வேலை எனக்கென்றே அளந்து தைத்தது போல இருந்தது. வேலையை வெறுத்து ஓய்வுக்குக் காத்திருந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் இதற்குப் பிறகு என்ன வரப்போகிறது என்று நினைக்க, சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் பெண்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். இன்னும் தொடங்காத வகுப்புக்கு நீச்சலுடையும் வாங்கிவிட்டேன். அதைக் கண்ட என் கணவர் அதில் தொங்கின விலை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடலுக்குப் பக்கத்தில பிறந்து வளர்ந்தும் கால் நனைக்காதவ, இஞ்ச வந்து நீந்தப்போறாவாம்."

"நான் நீந்தினா உங்களுக்கு என்ன?"

"எனக்கொண்டுமில்லை. குளத்திலயிருக்கிற தண்ணியைக் குடிச்சு முடிச்சிடாதையும். மற்றவைக்கும் வேணும்."

வேலைநாள் ஒன்றில், எல்லோரும் வேலையில் இருக்கிற பத்து மணிக்கு, ட்ராமில் யன்னலோரம் இருந்து நகரத்தின் மற்றத் தொங்கல் வரை போய்வருவது என்றும் ஒரு திட்டம் இருந்தது. ஏன் என்று கேட்டால் காரணம் கிடையாது.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய ஆசையை நான் அவருக்குக்கூடச் சொல்லவில்லை. எனக்கு ஒரு பிரியாவிடை வேண்டும்.

நூலகத்தில் மற்றவர்களுடைய பிரியாவிடைகளைப் பார்த்திருக்கிறேன். அவை பின்னேரங்களில் நடக்கும். நான் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து எட்டிப்பார்த்து, கதவோரம் நின்று ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். மேசை நிறையச் சாப்பாடு இருக்கும். எங்கள் பகுதித் தலைவர் நாலு வார்த்தை பேசுவார். போகிறவர் முகம் சிவந்து, பூங்கொத்தை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் நிற்பார். அந்த இடத்தில் ஒரு தடவை நான் நிற்க வேண்டும். என்னைப் பற்றி ஒருவர் நாலு பேருக்கு முன்னால் நல்லதாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருடமும் எல்லோர் கண்ணிலும் படாமல் நடந்தவளுக்கு இப்படி ஓர் ஆசை இருப்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

கோடை தொடங்குகிற நேரம், ஒரு காலை, தலைவர் என் தள்ளுவண்டியடிக்கு வந்தார். உயரமான மனிதர். என்னோடு பேசும்போது மட்டும் குரலைத் தணித்துப் பேசுவார்.

"உங்களுக்குப் பிரியாவிடை ஒண்டு வேணுமா? சிலருக்கு விருப்பம், சிலருக்கு விருப்பமில்லை. அதுதான் கேக்கிறன்" என்றார் ஜெர்மனில்.

எனக்கு நெஞ்சு துள்ளியது. வாய் சொன்னது, "இல்லை, இல்லை, அதெல்லாம் தேவையில்லை."

தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் முதலில் சொல்லுவோம். கேட்டவர் அதைக் காதில் வாங்காமல் அடுப்பில் கேத்திலை வைப்பார். கேட்டவுடனே ஓம் என்பது அதற்காகவே அலைந்து வந்த மாதிரி. தலைவரும் இரண்டு மூன்று தடவை கேட்பார், நானும் கடைசியில் "சரி, உங்கட விருப்பம்" என்று இறங்கி வருவேன் என்று நினைத்தேன்.

அவர் தலையை ஆட்டினார். "நல்லது, விளங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நடிக்கிறார் என்று நான் மெச்சிக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் செய்யப்போகிறார்கள்.

அடுத்த கிழமைகள் என் வாழ்க்கையின் மிக இனிப்பான கிழமைகள். தேநீர் அறைக்குள் நான் போகும்போது இரண்டு பேர் பேச்சை நிறுத்தினால் எனக்குள் சிரிப்பு வரும். என்னோடு சேர்ந்து புத்தகம் அடுக்குகிற பெண் கணினித் திரையைச் சட்டென்று மூடினால், "மூடு, மூடு, நான் பார்க்கேல்லை" என்று மனதுக்குள் சொல்லுவேன். ஒன்றும் தெரியாத முகத்தை வைத்திருக்கப் பெரும்பாடு பட்டேன். ஆளில்லாத சட்டப் புத்தகப் பகுதியில் வண்டியை நிறுத்திவிட்டு, நன்றி சொல்லுகிற இரண்டு வசனத்தை மெதுவாகச் சொல்லிப் பழகினேன். மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலையும் வாங்கினேன். வேலையிடத்துக்கு நான் ஒருநாளும் சேலை கட்டிக்கொண்டு போனதில்லை.

சேலையைக் கண்டதும் கணவருக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"ஆர் சொன்னது உமக்கு பிரியாவிடை செய்யினம் எண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அதிலயிருந்துதான் தெரியுது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்தது.

கடைசிக் கிழமைக்கு முந்தின கிழமை, அந்தப் பெண்ணும் நானும் ஒரே தட்டில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தோம். அவள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்குக் கொஞ்சம் கவலைதான்" என்றாள். "இத்தனை வருஷம் இருந்திட்டு ஒரு கேக் துண்டுகூட இல்லாமல் போறாய். ஆனா உன்ர விருப்பத்தை நாங்கள் மதிக்கிறம். உனக்குக் கொண்டாட்டம் பிடிக்காதாம், ஒருத்தரும் வற்புறுத்தக் கூடாது எண்டு தலைவர் கூட்டத்தில சொன்னவர்."

என் கையில் இருந்த புத்தகத்தை எந்தத் தட்டில் வைத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் சிரிக்கத் தொடங்கினார். என் முகத்தைக் கண்டதும் பாதியில் நிறுத்திவிட்டு மகளுக்குத் தொலைபேசி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, அவர் கேட்டதுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"தேவையில்லை எண்டு சொன்னனான் பிள்ளை. சும்மா ஒரு பேச்சுக்கு."

"ஐயோ அம்மா. இஞ்ச பேச்சுக்குச் சொல்லேலாது. வேண்டாம் எண்டா அவைக்கு வேண்டாம்தான். இன்னொருக்காக் கேட்டா அதுதான் மரியாதை இல்லை."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"போய் வேணும் எண்டு சொல்லுங்கோ. இன்னொண்டு, சாப்பாடு நீங்கள்தான் குடுக்கோணும். போறவைதான் மற்றவையைக் கூப்பிட்டுக் குடுக்கிறது. இவ்வளவு நாளும் அந்த மேசைச் சாப்பாடெல்லாம் ஆர் குடுத்தது எண்டு நினைச்சனீங்கள்?"

நூலகம் கொடுத்தது என்றுதான் நினைத்திருந்தேன். கணவருக்கு இது பிடிக்கவில்லை. "போறவளும் அவளே, சமைக்கிறவளும் அவளே. நல்ல நியாயம்" என்றார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமைக்கத் தெரியும். ஆட்களைக் கூப்பிட்டுச் சாப்பிட வைக்கத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். ஒருவர் முன்னால் போய் நின்று எனக்கு இது வேண்டும் என்று கேட்பது. வாழ்க்கையில் நான் அதைச் செய்ததில்லை. கேட்காவிட்டால் கடைசி நாள் மத்தியானம் நூலகத் திறப்புச் சாவியைக் கொடுத்துவிட்டுச் சும்மா வெளியே நடக்க வேண்டியதுதான்.

அடுத்த நாள் காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு தலைவரின் அறைக்கு முன்னால் அங்கும் இங்கும் போனேன். அந்தப் பக்கத்தில் புத்தகத் தட்டே கிடையாது. உள்ளேயிருந்து என்னைக் கண்டவர், "ஏதாவது தேடுறீங்களா?" என்று கேட்டார். இனித் தப்ப ஏலாது. உள்ளே போனேன்.

"நீங்கள் பிரியாவிடை வேணுமா எண்டு கேட்டனீங்கள். நான் வேண்டாம் எண்டு சொன்னனான்."

"ஓம்."

"எனக்கு வேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஏன் வேண்டாம் எண்டு சொன்னீங்கள்?"

"நீங்கள் இன்னொருக்காக் கேப்பீங்கள் எண்டு நினைச்சன்."

அவர் சிரிக்கவில்லை. எதையோ கணக்குப் பார்ப்பவர் போல யோசித்தார். "அப்ப இப்ப கேக்கிறன். உங்களுக்குப் பிரியாவிடை வேணுமா?"

"ஓம்" என்றேன். வெளி அறையில் இருந்த செயலாளர் பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது.

"சரி" என்றார் அவர். "எத்தனை தரம் கேக்கோணும் எண்டு எனக்குத் தெரியாது. இரண்டு தரம் காணுமா?"

அப்போதுதான் இரண்டு பேரும் சிரித்தோம். வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது அது வெறும் வண்டியாகப் பாரமில்லாமல் ஓடியது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் எங்கள் சமையலறையில் நடக்க இடமில்லை. கணவர் லீவு போட்டுவிட்டு ரோல்ஸ் சுற்றினார். நியாயம் பேசினவர், எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் வேறு ஒருவரையும் விடவில்லை. பால், முட்டை தொடாத ஆட்களும் அங்கே இருந்தபடியால் கடலை வடை நிறையச் சுட்டோம். உறைப்பைக் குறைத்தோம். பிறகு அவர் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரிக் கிடக்கு" என்று ஒரு பங்குக்குத் தனியாக மிளகாயைக் கூட்டினார். கடைசி நாள் காலை மகளும் முதல் ரயிலில் வந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் சேலையோடு பிரியாவிடை நடக்கிற அறைக்குள் போனபோது எல்லோரும் திரும்பினார்கள். கால் கதவோரமாக ஒதுங்கப் பார்த்தது. ஆனால் என் கையில் வடைத் தட்டம் இருந்தது, சாப்பிட ஆட்கள் நின்றார்கள். தட்டத்தோடு ஒவ்வொருவராகப் போனேன். எடுங்கோ என்றேன். உறைப்பா என்று கேட்டவர்களுக்கு எது உறைப்பு என்று காட்டினேன். எப்படிச் செய்வது என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொன்னேன். பல வருடமாக வணக்கம் மட்டும் சொல்லி வந்த ஆட்களோடு அன்றைக்கு எப்படிப் பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம். என் கணவர் ஒரு மூலையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். மகள் வந்து என் கையிலிருந்த தட்டத்தை வாங்கிக்கொண்டாள்.

"ஒவ்வொரு வருஷமும் இவவின்ர பிறந்தநாளுக்குத் தேநீர் அறையில ஒரு கேக் இருக்கும், ஆள் இருக்கமாட்டா, வீட்டுக்கு ஓடியிருப்பா" என்று தொடங்கினார். "நாங்கள் கேக்கைச் சுத்தி நிண்டு பாடிப்போட்டு வெட்டிச் சாப்பிடுவம். இத்தனை வருஷத்தில இண்டைக்குத்தான் ஆளும் நிக்கிறா." எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் சொன்னவற்றை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் தலையைக் குனியாமல் முழுவதையும் கேட்டேன்.

பூங்கொத்தைத் தந்து, என்னைப் பேசச் சொன்னார்கள். பழகிய இரண்டு வசனத்தில் ஒன்றுதான் வந்தது. மற்றதைத் தேடிக்கொண்டு நின்றபோது வேறொன்று வாயில் வந்தது. "இது எனக்கு நல்ல விருப்பம்" என்றேன். "வந்ததுக்கு நன்றி."

கைதட்டல் முடிந்த பிறகும் ஒருவரும் போகவில்லை. அடுக்குகிற பெண் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். செயலாளர் பெண் மிளகாய் கூடின ரோல்ஸைத் தெரியாமல் கடித்துவிட்டுத் தண்ணீர் தேடி ஓடினாள். மேசை வெறுமையாகிக்கொண்டு வந்தது. கணவர் மெல்ல என் பக்கத்தில் வந்து, கார்த் திறப்பைக் காட்டினார்.

"வழக்கமா இந்த நேரம் ஓடிவந்திடுவீர். போவமே?"

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். "அங்க நிக்கிற ஆளோட நான் இன்னும் கதைக்கேல்லை."