விமானத்துக்கு ஓரிடம் தேடிய சனிக்கிழமை

காலை 6.40, கிரவீனில் வீட்டு வாசல். காரை இயக்கும்போதே எனக்குக் கோபம் தலைக்கேறி இருந்தது. ஆகஸ்ட் மாதத்து மேற்குக் காற்று தெருவில் குப்பைத் தொட்டிகளை உருட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டிகள் மீதும் கோபம் வந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் அத்தானுக்கும், அதாவது அக்காவின் கணவருக்கும், ஆளுக்குப் பாதியாக ஒரு விமானம் இருக்கிறது. பெரிய பணக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அது நாற்பது வயதான, ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை விமானம். பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் ஜீப் அதைவிட விலை கூடியது. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். முப்பத்தொன்பது வயதில் பறக்கப் பழகி உரிமம் எடுத்தேன். அத்தான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரும் பழகப் போனார், நீரிழிவு இருக்கிறதென்று மருத்துவச் சோதனையில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே இடப்பக்கத்தில் இருந்து ஓட்டுவது நான், வலப்பக்க இருக்கை அவருடையது, அந்தப் பக்கத்து வானத்தைக் கவனிப்பதும் அவர்தான். அவர் இல்லாமல் நான் பறந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

நான்கு வருடமாக விமானத்தை நிறுத்தியிருந்த திடலை விற்றுவிட்டார்கள். அங்கே களஞ்சியசாலைகள் வரப்போகின்றனவாம். முப்பதாம் திகதிக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று கொட்டகைக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லை. இன்னும் ஒன்பது நாள். அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் விற்பதைத் தவிர வழியில்லை, ஏனென்றால் விமானத்தை வீட்டுப் பின்வளவில் கட்டிவைக்க முடியாது. இணையத்தில் தேடி, தொலைபேசியில் கெஞ்சி, மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டேன். ஒரே நாளில் மூன்றையும் பார்ப்பது திட்டம்.

அத்தான் ஒரு கடைப் பையைக் கவனமாகப் பின்னிருக்கையில் வைத்தார். என்னவென்று கேட்டேன். தண்ணீர்ப் போத்தல் என்றார். அதில் பாதி உண்மை இருந்தது.

காலை 7.35, வீட்டிலிருந்து 24 கிலோமீட்டர். முதலாவது, நகரத்துக்குள்ளேயே இருக்கும் பெரிய நிலையம். இந்தக் கட்டுரையில் ஓடுபாதைகளின் பெயர்களை எழுதப்போவதில்லை. எழுதினால் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வரும், பதில் எழுத எனக்கு நேரமில்லை. கோபுரம், சிமெந்து ஓடுபாதைகள், கண்ணாடி வைத்த அலுவலகம், எல்லாம் இருந்தன. மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைத் தாண்டி அத்தானைப் பார்த்து, எத்தனை மணித்தியாலம் பறந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அத்தான் புன்னகைத்தார். பிறகு இரண்டு பக்கமும் தலையை ஆட்டினார், நம்மவர்கள் ஆட்டுவதுபோல. அதற்கு எங்களுக்கே நாலு அர்த்தம் உண்டு, அந்த மனிதருக்கு என்ன விளங்கியிருக்கும்? அவர் தொடர்ந்து அத்தானிடமே பேசினார். அத்தானும் கேட்டதற்கெல்லாம் “யெஸ், யெஸ்” என்றார். நான் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தான் பேசும்போது குறுக்கே பேசிப் பழக்கமில்லை. யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில் அப்பா இல்லாத வீட்டில் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்த மரியாதை உடம்பில் ஊறிக் கிடக்கிறது. நானூற்றுப் பத்து மணித்தியாலம் பறந்தவள், ஒரு மேசை முன்னால் வாயடைத்து நின்றேன். அந்த மனிதர் மீது வந்த கோபத்தில் பாதி எனக்கே உரியது.

கடைசியில் விமானி நான்தான் என்று சொன்னபோது அவர் ஒருமுறை புருவத்தை உயர்த்தினார். பிறகு காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதச் சொன்னார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். இரண்டு வருடம் இருக்கலாம் என்றார். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் அரை மணித்தியாலம் மிச்சமாகியிருக்கும்.

காலை 9.20, வீட்டிலிருந்து தென்மேற்கே 58 கிலோமீட்டர். M7 நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் புதிதாக முளைத்த ஓட்டு வீடுகள், அவற்றுக்குப் பிறகு பசு மேயும் வெளி, அதற்கு நடுவில் இரண்டாவது திடல். பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. தார் போட்ட ஒரு கிலோமீட்டர் ஓடுபாதை, நெஞ்சளவு கம்பி வேலி, விமானங்களைக் கட்ட சிமெந்துத் தரையில் இரும்பு வளையங்கள். வெளியில் நிறுத்த மாதம் 210 டொலர். வீட்டிலிருந்து ஐம்பது நிமிடம். ஆஸ்பத்திரி வேலை முடிந்து மாலையிலும் வந்து பறக்கலாம்.

மேலாளர் அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர், கையில் கிரீஸ் கறை. இந்த முறை அத்தானுக்கு முன்னால் நான் போய் நின்று, நான்தான் விமானி என்று அறிவித்தேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. பதினான்காம் இலக்க இடம் இன்றைக்குத்தான் காலியானது, படிவத்தை நிரப்பினால் உனக்குத்தான் என்றார். அத்தானிடம் அதைத் தமிழில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. நான் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், நீ போய் எழுது என்றார்.

நான் அலுவலகத்தில் காப்புறுதி இலக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அத்தான் என்ன செய்தார் என்பதை எழுத இப்போதும் கை கூசுகிறது. பையில் தண்ணீர்ப் போத்தலோடு ஒரு தேங்காய், நாலு தேசிக்காய், ஒரு பெட்டி கற்பூரம் இருந்தன. விமானம் வாங்கியபோது கோயிலில் திறப்புச் சாவியை மட்டும்தான் ஐயரிடம் கொடுத்துத் திருநீறு போட்டோம். புது வாகனத்துக்குச் செய்வதுபோலச் சக்கரம் தேசிக்காயில் ஏறவில்லை, தேங்காய் உடைபடவில்லை. நாலு வருடமாக அது அவர் மனதை அரித்திருக்கிறது. பழைய இடம் பறிபோனதற்கே அதுதான் காரணம் என்று நம்பியிருக்கிறார். புது வீட்டிலாவது குறை வைக்கக் கூடாது என்று, விமானம் வரும்வரைகூடப் பொறுக்காமல், பதினான்காம் இலக்கத் தரையில் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுத் தேங்காயை ஓங்கி அடித்திருக்கிறார். விமானப் பெற்றோல் தாங்கி அங்கிருந்து முப்பது அடி தூரத்தில், நெருப்புக்குக் குறுக்குக் கோடு போட்ட பெரிய பலகையுடன் நிற்கிறது.

வெளியே ஓர் எஞ்சின் திடீரென்று நின்ற சத்தம் கேட்டது. பயிற்சி விமானம் ஒன்று ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் வழியில் சிரட்டைத் துண்டுகளைக் கண்டு நின்றுவிட்டது. வாசகர்களுக்கு இது விளங்க வேண்டும்: சுழலும் புரொப்பெல்லர் தரையில் கிடக்கும் சின்னக் கல்லையும் உறிஞ்சி எடுத்துத் தன்மேலேயே அடித்துக்கொள்ளும். அந்த அடியில் விழும் காயம் வானத்தில் வைத்து வெடிப்பாகலாம். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் நானே அவர்களைக் கிழித்திருப்பேன்.

மேலாளர் கற்பூரத்தைச் சப்பாத்தால் மிதித்து அணைத்தார். அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. ஆனால் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் ஊர்க் கூத்தை எல்லாம் உங்கள் ஊரில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். படிவத்தை என் கையிலிருந்து வாங்கி இரண்டாகக் கிழித்தார். அத்தான் குனிந்து துண்டு பொறுக்கப் போனபோது, ஒன்றையும் தொடாமல் வெளியே போ என்று வாசலைக் காட்டினார்.

காருக்குள் ஏறியதும் என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“பிளேன் ஓடுறது நான். உங்களுக்கு ஒண்டும் தெரியாது அத்தான். இனிமேல் வாயையும் கையையும் வச்சுக்கொண்டு சும்மா வாங்கோ.”

நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக அவரை அப்படிப் பேசினேன். அவர் சீற் பெல்ற்றைப் போட்டுக்கொண்டார். ஹியூம் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். நான் வீதியில் போன லொறிகளையெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன்.

பிற்பகல் 12.50, கோல்பர்ன் நகரத்துக்குச் சற்று இப்பால். வீட்டிலிருந்து 171 கிலோமீட்டர். மூன்றாவது ஓடுபாதை ஒரு செம்மறிப் பண்ணைக்குள் வெட்டிய புல்தரை. மாதம் 60 டொலர். காற்று ஆளைத் தள்ளியது. பண்ணைக்காரி நல்ல மனுசி, தேத்தண்ணீர் தந்தாள், ஒளிவு மறைவில்லாமல் பேசினாள். மழை பெய்தால் பத்து நாளைக்கு நிலம் சேறு, பறக்க முடியாது. பெற்றோல் இல்லை, பட்டணத்தில் இருந்து கொண்டுவர வேண்டும். போன வருடம் கொக்கட்டூ கிளிகள் ஒரு விமானத்தின் ரப்பர் விளிம்புகளை எல்லாம் கொத்தித் தின்றுவிட்டன. நான் கணக்குப் பார்த்தேன். போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம், இடையில் ஒரு மணித்தியாலப் பறப்பு. மாதம் ஒருமுறை வருவேன், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு விற்றுவிடுவேன். இங்கே கொண்டுவருவதும் விற்பதும் எனக்கு ஒன்றுதான்.

அத்தான் காரைவிட்டு இறங்கவேயில்லை. நான் திரும்பி வந்தபோது கேட்டார்.

“பிள்ளை, அந்தாளிட்ட நான் போய் மன்னிப்புக் கேக்கட்டே?”

வேண்டாம் என்றேன். ஆனால் காரை அந்தப் பக்கமே திருப்பினேன்.

பிற்பகல் 3.15, மீண்டும் இரண்டாவது திடல். வழியில் ஒரு கடையில் 19 டொலருக்குத் தும்புத்தடியும் அள்ளியும் வாங்கினேன். அத்தானை வேலிக்கு வெளியே, காருக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். யாரிடமும் கேட்காமல் பதினான்காம் இலக்கத்திலிருந்து விமானங்கள் ஊர்ந்து போகும் வழி முழுவதையும் கூட்டினேன். காலையில் அவர்கள் ஏற்கெனவே கூட்டியிருந்தார்கள். இருந்தாலும் சிமெந்து வெடிப்புகளுக்குள் ஏழு துண்டுகள் கிடைத்தன. முழங்காலில் நின்று விரலால் தோண்டி எடுத்தேன். மேலாளர் கொட்டகை நிழலில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். உதவிக்கு வரவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

முடித்துவிட்டு ஏழு துண்டுகளையும் அவர் முன்னால் நீட்டினேன். நடந்தது தப்பு, தப்புக்குப் பொறுப்பு விமானியான நான், இடத்தைத் தருவீர்களா மாட்டீர்களா என்று கேட்டேன். அவர் உள்ளே போய்ப் புதுப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார். அதை வாய் திறந்தும் சொன்னார்.

“உனக்குத் தருகிறேன். அந்த ஆள் மட்டும் இனி இந்த வேலிக்குள் கால் வைக்கக் கூடாது. என்றைக்கும்.”

விமானத்தில் பாதி அவருடையது என்றேன். எந்தப் பாதி வேண்டுமானாலும் இருக்கட்டும் என்றார்.

அத்தான் இந்த நாட்டில் வந்திறங்கியதும் பதினாறு மாதம் ஒரு தடுப்பு முகாம் வேலிக்குப் பின்னால் இருந்தவர். அக்காவும் நானும் சனிக்கிழமைகளில் போய்ப் பார்ப்போம். உள்ளே இருந்தவரை வெளியே விட அத்தனை காலம் எடுத்தது. இப்போது வெளியே இருப்பவரை உள்ளே விட மறுக்கிறார்கள். படிவத்தை அந்த மனிதர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். எறியத்தான் கை எழுந்தது. ஒன்பது நாள் இருந்தது, நாலாவது இடம் இருக்கவில்லை.

நான் வேலியைப் பார்த்தேன். அத்தானுக்கு அந்த வரி கேட்டிருக்கிறது.

“போடு பிள்ளை. கையெழுத்தைப் போடு. நான் இஞ்சால நிண்டு பாக்கிறன்.”

போட்டேன்.

மாலை 5.05, வீடு. மொத்தம் 351 கிலோமீட்டர். வரும் வழியெல்லாம் அத்தான் அந்த இடத்தின் நல்ல தன்மைகளையே சொல்லிக்கொண்டு வந்தார். ஓடுபாதை நேராக இருக்கிறதாம், மரங்கள் தூரத்தில் இருக்கின்றனவாம். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மேலாளரை நான் மன்னிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட என்னை அதைவிடக் குறைவாகவே மன்னித்திருக்கிறேன். விமானத்தை வேறெங்காவது இறக்கி அவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். முழங்கால் வருத்தத்தோடு எழுபதை நெருங்கும் மனிதர், என்னோடு பறப்பதற்காக இன்னொரு ஊருக்கு ரயில் ஏறிப் போக வேண்டும். அதைத்தான் நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானத்தைத் தனியாகக் கொண்டுவந்தேன். பழைய திடலிலிருந்து இருபத்திரண்டு நிமிடப் பறப்பு. வலப்பக்க இருக்கையில் என் கைப்பை கிடந்தது. இறங்குவதற்குச் சுற்றி வரும்போது கீழே வேலிக்கு வெளியே ஓர் உருவம் அண்ணாந்து நிற்பது தெரிந்தது. பதினான்காம் இலக்கத்தில் நிறுத்தி, மூன்று கயிறுகளையும் வளையங்களில் கட்டிவிட்டு வேலியடிக்கு நடந்தேன். அத்தான் அக்கா கட்டிக் கொடுத்த புட்டுப் பார்சலைக் கம்பிக்கு மேலால் நீட்டினார். அவர் அந்தப் பக்கம் நின்றும் நான் இந்தப் பக்கம் நின்றும் சாப்பிட்டோம்.

இறக்கியது நன்றாக இருந்தது என்றார். பிறகு, என்னை நோகடிக்காத குரலில், மெதுவாகக் கேட்டார்.

“கடைசியாத் திரும்பேக்க வலப்பக்கத்தால ஒரு வெள்ளைப் பிளேன் உனக்குக் கிட்ட வந்தது. கண்டனியே பிள்ளை?”

கண்டனான் என்றேன். நான் காணவில்லை.