ஜப்பான் காட்டன் எந்த ஊர்?

போன வருடம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, கோலாலம்பூரை ஒட்டிய அம்பாங்கில் ஒரு வீட்டின் பின்புறம் நடந்தது இது.

கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா என்ற கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். கத்தரிக்கோலைவிட என் வாய்தான் வேகமாக ஓடும் என்று கடையில் சொல்வார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே என்ன துணி என்று சொல்லிவிடுவேன் என்று வாடிக்கையாளர்களிடம் அளப்பேன். யாரும் என் கண்ணைக் கட்டிச் சோதித்துப் பார்க்காததால் அந்தப் பெருமை பதினெட்டு வருடம் பத்திரமாக இருந்தது.

கிள்ளானில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் எனக்குப் பத்து வருட வாடிக்கை. அவர் மகளுக்குக் கல்யாணப் பதிவு வைத்திருந்தார்கள். பட்டெல்லாம் வேண்டாம், வெள்ளை உடைக்கு மேலே அம்மா கையால் செய்த நீல ஷால் ஒன்று போதும் என்று பெண் சொல்லிவிட்டாள். அம்பாங்கில் ஒரு ஜப்பானிய அம்மா தன் வீட்டில் நீலச் சாயம் தோய்க்கக் கற்றுத் தருகிறார் என்று அக்கா விசாரித்து வைத்திருந்தார். நம்மூர் அவுரி மாதிரி ஓர் இலையை மாதக்கணக்கில் மக்கவைத்து, சாம்பல் தண்ணீரில் புளிக்கவைத்த சாயம். போகிறவர்கள் தங்கள் துணியைத் தாங்களே முக்கி எடுக்கலாம். ஒரே நிபந்தனை, துணி சுத்தமான பருத்தியாக இருக்க வேண்டும்.

அந்தத் துணியை அக்கா என்னிடம்தான் வாங்கினார்.

“தம்பி, இது காட்டன்தானே?”

“என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க! ஜப்பான் காட்டன்க்கா. ஜப்பான் சாயத்துக்கு ஜப்பான் துணி. சொந்தத்துக்குள்ளயே சம்பந்தம் பண்ற மாதிரி லா.”

அக்கா சிரித்துவிட்டு வாங்கிப் போனார். மூன்று வாரம் அந்தத் துணியில் ஊசி நூலால் சின்னச் சின்னப் பூவாகத் தைத்து, இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறார். முடிச்சுக்குள் சாயம் போகாது. பிரித்தால் நீலத்தில் வெள்ளைப் பூவாக நிற்கும். அப்படி இருநூறு பூ. இரண்டரை மீட்டர் துணி சுருங்கி ஒரு தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது.

பதிவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஓர் இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று அக்கா கேட்டார். துணியைப் பற்றி ஒரு ஜப்பானியருக்குப் பாடம் எடுக்கும் வாய்ப்பை நான் விடுவேனா? கிளம்பிவிட்டேன்.

அந்த அம்மா கோலாலம்பூருக்கு வந்து பல வருடம் ஆகிறது. மலாயும் இங்கிலீஷும் கலந்து நம்மைப் போலவே பேசுகிறார். முழங்கைவரை நீலம். தொட்டியின் மூடியைத் திறந்தார். புளித்த மாவையும் மாட்டுக் கொட்டகையையும் சேர்த்துக் கலக்கிய மாதிரி ஒரு வாசனை. சாயம் உயிரோடு இருக்கிறதாம், தவிடு சாப்பிடுமாம், வேலை செய்தால் களைத்துப் போகுமாம். “என்னைவிட நல்லாச் சாப்பிடுது, என்னைவிட அதிகமா வேலை செய்யுது” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். உற்சாகம் தலைக்கேறியது. பக்கத்தில் இருந்தவர்களின் துணிகளையெல்லாம் தடவி, இது இத்தனாம் நம்பர் நூல், அது மில் துணி என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே போனேன்.

முதலில் என் கைக்குட்டையை முக்கினேன். “பெலான்-பெலான்” என்று அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக இறக்கினார். வெளியே எடுத்தால் பச்சை! “ஐயோ, கலர் மாறிப்போச்சு!” என்று கத்திவிட்டேன். காற்றுப் பட்டதும் அந்தப் பச்சை என் கண்ணெதிரே நீலமாக மாறியது. அந்தச் சாயம் அப்படித்தானாம். எட்டுப் பேர் வகுப்பில் எல்லாரும் அன்று என்னைப் பார்த்துத்தான் அதிகம் சிரித்தார்கள்.

அடுத்து அக்கா. முக்கினார், எடுத்தார், காற்றில் காட்டினார், அலசினார். அலசிய தண்ணீர் நீலமானது. துணி ஆகவில்லை. மறுபடி முக்கினார். நான்காவது முறைக்குப் பிறகு மற்றவர்கள் துணியெல்லாம் கருநீலமாகக் கொடியில் தொங்க, அக்காவுடையது மட்டும் சொட்டு நீலம் அதிகமாகிப்போன வேட்டி மாதிரி நின்றது.

அந்த அம்மா துணி ஓரத்தில் ஓர் இழையை உருவி, லைட்டரில் காட்டினார். பருத்தி என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். இது உருகிச் சுருண்டு, கறுப்பு மணி மாதிரி கெட்டியானது.

“பாலியஸ்டர்” என்றார்.

“இல்ல லா, இது ஜப்பான் காட்டன்!” என்றேன், இன்னும் விடாமல்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். “ஜப்பான்ல எந்த ஊர், பாஸ்?”

எந்த ஊர்? கட்டோடு வருகிற பெயர் அது. மஸ்ஜித் இந்தியாவில் பாதிக் கடை அப்படித்தான் கூப்பிடுகிறது. அது ஜப்பானும் இல்லை, காட்டனும் இல்லை என்று எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இந்த முறை சிரித்தவர்களோடு சேர்ந்து என்னால் சிரிக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவே இல்லை. அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார்.

“திட்டுங்கக்கா” என்றேன்.

“ஒங்கள திட்டி என்னா செய்யறது தம்பி? தைக்கிறவ நானு. ஒரு நூல உருவிப் பாத்திருக்கலாம். நீங்க சொன்னீங்களேன்னு பாக்கல.”

திட்டியிருந்தால் பதில் பேசி ஜெயித்திருப்பேன். கடிகாரத்தைப் பார்த்தேன்.

மணி ஒன்று. வகுப்பு ஐந்து மணிக்கு முடியும். அடுத்த வகுப்பு இரண்டு வாரம் கழித்து. “அக்கா, ரெண்டு மணி நேரம் குடுங்க” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவின் லைட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு எல்ஆர்டி ரயில் பிடிக்க ஓடினேன். மஸ்ஜித் ஜாமேக்கில் இறங்கி, கூட்டத்தைப் பிளந்து கடைக்குள் நுழைந்து, வெள்ளைக் கட்டுகளையெல்லாம் இறக்கி, ஒவ்வொன்றிலும் ஓர் இழையை உருவி வாசலில் நின்று கொளுத்தினேன். முதலாளி ஓடி வந்தார்.

“என்னாப்பா இது? தீபாவளிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு, இப்பவே மத்தாப்பு விடுறியா?”

காட்டன் என்று நான் கூவிக் கூவி விற்ற ஆறு கட்டில் நான்கு உருகின. இரண்டுதான் சாம்பலாயின. அதில் மெல்லியதை இரண்டரை மீட்டர் வெட்டி, என் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டு அம்பாங்குக்குத் திரும்பினேன்.

துணியை அந்த அம்மாவே அவருடைய லைட்டரால் இன்னொரு முறை சோதித்தார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. கஞ்சி போக வெந்நீரில் அலசியது நான். இருநூறு பூவுக்கு நேரம் இல்லை. அக்கா ஒரு முனையில் மட்டும் ஏழு பூ தைத்தார். ஆறு முறை முக்கினோம். கடைசியாகக் காற்றில் விரித்தபோது, மழைக்கு முந்தைய கடல் மாதிரி ஒரு நீலம். அக்கா அதைத் தோளில் போட்டுப் பார்த்து, “ஏழு போதும் தம்பி. இருநூறு இருந்தா பொண்ண யாரு பாப்பா?” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சாய வாசனை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பதிவன்று எடுத்த படத்தை அக்கா எனக்கு அனுப்பினார். பெண் தோளில் அந்த ஷால். அந்தப் படத்தை என் போனில் இன்னும் அழிக்கவில்லை.

உருகிய நான்கு கட்டையும் பாலியஸ்டர் என்று எழுதிய அட்டையோடு தனியாக வைக்கச் சொன்னேன். முதலாளி இரண்டு நாள் முறைத்தார், பிறகு அவரே அட்டை எழுதிக் கொடுத்தார். இப்போது யாராவது காட்டனா என்று கேட்டால், வாயைத் திறக்கும் முன் இழையை உருவுகிறேன். என் பேச்சைக் கேட்டு ஒருவர் மூன்று வாரம் உட்கார்ந்து தைப்பார் என்ற நினைப்பு, அன்றிலிருந்து நான் சொல்கிற ஒவ்வொரு ‘ஆமா’வுக்கும் முன்னால் வந்து நிற்கிறது.